அம்மாவை டிமென்ஷியா காப்பகத்தில் சேர்க்கப் போறீங்களா? கட்டடத்தைப் பார்க்காதீங்க... இதையெல்லாம் பாருங்க!

போடிநாயக்கனூரில் விடியறதுக்கு முன்னாடியே ஜீப் சத்தம் கேட்க ஆரம்பிச்சிடும். தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு, போடிமெட்டு வழியாக பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குக் கிளம்புவார்கள் பெண்கள்.

அப்படி முப்பது, நாற்பது வருஷம் மலை ஏறி இறங்கிய ஒரு அம்மாவை நினைச்சுப் பாருங்க. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வேலையை விட்டே பல வருஷம் ஆகிறது. ஆனாலும் விடியற்காலை எழுந்து, "ஜீப்பு வந்துருச்சு, நான் கெளம்புறேன்" என்று வாசலுக்கு ஓடுகிறார். பெற்ற மகனையே "நீ யாருப்பா?" என்கிறார். அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறார்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அம்மாவைத் தனியாக விடவும் முடியாது. அப்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது. "ஏதாவது ஹோம்ல சேர்த்துடலாமா?"

சேர்ப்பது தப்பில்லை. ஆனால் எதைப் பார்த்துச் சேர்ப்பது? போடியோ, தேனியோ, மதுரையோ, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியோ, எங்கே சேர்ப்பதாக இருந்தாலும் கவனிக்க வேண்டியவை என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

டிமென்ஷியா என்றால் வெறும் மறதியா?

இல்லை. மூளை செல்கள் பாதிக்கப்படுவதால் நினைவு, மொழி, திசை, நேரம், முடிவெடுக்கும் திறன் என ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும் நிலைதான் டிமென்ஷியா. இதில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் வகை என்கிறது உலக சுகாதார அமைப்பு. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

ஒரு முக்கிய விஷயம். தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றைச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. அதனால் காப்பகம் தேடுவதற்கு முன்பு, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் மனநல அல்லது நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, டிமென்ஷியாதான் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாதாரண முதியோர் இல்லத்திலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

ஒரே வரியில் சொன்னால், இங்கே இருப்பவரால் புகார் சொல்ல முடியாது.

சாதாரண முதியோர் இல்லத்தில் சாப்பாடு சரியில்லை என்றால் தாத்தா போன் போட்டு மகளிடம் சொல்வார். டிமென்ஷியா உள்ளவர் காலையில் சாப்பிட்டாரா என்பதே அவருக்கு நினைவிருக்காது. "அடிச்சாங்க" என்று சொன்னாலும், "அவங்களுக்கு ஞாபகம் சரியில்லைங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்.

இதன் விலை என்ன என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம் செய்திகளில் அடிபட்டது. அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்ட பிறகுதான் விவகாரம் வெளியே வந்தது. முறையான அனுமதி இல்லாமல் ஆசிரமம் இயங்கியதாக அதிகாரிகள் தெரிவித்தார்கள். துன்புறுத்தல் புகார்களும் எழுந்தன. அங்கிருந்தவர்கள் மீட்கப்பட்டு, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

இந்த இரண்டாவது சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே இருந்தவர் புகார் கொடுத்து எதுவும் வெளியே வரவில்லை. வெளியே இருந்த ஒருவர் விடாமல் "அவர் எங்கே?" என்று கேட்டதால்தான் வந்தது.

முதலில் பேப்பரைக் கேளுங்க

"எல்லாம் இருக்குங்க" என்ற வாய்வார்த்தை போதாது. பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். யார் பெயரில், எந்த முகவரிக்கு, எந்தத் தேதி வரை என்று படியுங்கள். முடிந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் சமூக நலத்துறையின் கீழ் வருகின்றன. சந்தேகம் இருந்தால் தேனி கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலரிடம் விசாரிக்கலாம். போடிமெட்டைத் தாண்டி இடுக்கி மாவட்டத்தில் சேர்ப்பதாக இருந்தால் அது கேரள அரசின் கட்டுப்பாடு. அங்கே முதியோர் இல்லங்களுக்கு அனாதாலயக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிந்தனை, நினைவு, இடம்-காலம் அறியும் திறன் ஆகியவற்றில் ஏற்படும் கடுமையான பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் மனநல நிறுவனங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். "டிமென்ஷியா ஸ்பெஷல்" என்று போர்டு வைத்திருந்தால், இந்தப் பதிவு இருக்கிறதா என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

எந்த நேரத்தில் போய்ப் பார்க்கணும்?

காலை 11 மணிக்குப் போனால் எல்லா ஹோமும் நல்ல ஹோமாகத்தான் தெரியும். தரை துடைத்திருக்கும், எல்லோரும் குளித்திருப்பார்கள், மேனேஜர் டீ வாங்கித் தருவார்.

முதல் தடவை அப்படிப் போங்கள். இரண்டாவது தடவை சொல்லாமல், சாயங்காலம் 5 மணிக்கு மேல் போங்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் பதற்றம் கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்று கேட்பார்கள், அங்கும் இங்கும் நடப்பார்கள், அழுவார்கள். ஊழியர்களின் பொறுமை தெரிவதும் அந்த நேரத்தில்தான்.

உள்ளே போய் ஒரு மூலையில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். பொது அறையில் உட்காரக்கூட விடவில்லை என்றால், அதுவே ஒரு பதில்தான்.

இது நாம சொல்ற புது டெக்னிக் இல்லை. பிரிட்டனின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டாம் கிட்வுட் குழு உருவாக்கிய 'டிமென்ஷியா கேர் மேப்பிங்' என்ற முறையும் இதுதான். பயிற்சி பெற்ற ஒருவர் பொது அறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார், ஊழியர்கள் அவரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று 5 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்வார்.

நீங்கள் அவ்வளவு செய்ய வேண்டாம். மூன்றே விஷயங்களைக் கவனித்தால் போதும்.

1. இந்த ஒரு மணி நேரத்தில் அங்கே இருக்கும் பெரியவர்களிடம் யாராவது பேசினார்களா? "எந்திரி", "சாப்பிடு", "உக்காரு" என்பதெல்லாம் கணக்கில் வராது.

2. ஒருவர் பதறும்போது ஊழியர் என்ன செய்கிறார்? அதட்டுகிறாரா, கண்டுக்காமல் போகிறாரா, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாரா?

3. சிறுநீர் கழிக்கணும் என்று கேட்டால் கூட்டிப் போகிறார்களா, "டயபர்லயே போ" என்கிறார்களா?

மேனேஜரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. ராத்திரி எத்தனை பேர் டியூட்டி? பகல் கணக்கைச் சொல்வார்கள். நீங்கள் ராத்திரிக் கணக்கைக் கேளுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், அவர்கள் விழித்திருக்கிறார்களா, எவ்வளவு நாளாக இங்கே வேலை பார்க்கிறார்கள்? மாதத்துக்கு ஒரு ஆள் மாறுகிற இடத்தில், டிமென்ஷியா உள்ளவருக்குத் தினமும் புது முகம்தான்.

2. திடீர்னு ஒரு நாளில் ரொம்பக் குழம்பிப் பேசினா என்ன பண்ணுவீங்க? "நோய் முத்திடுச்சுன்னு அர்த்தம்" என்று பதில் வந்தால் யோசியுங்கள். டிமென்ஷியா பொதுவாக மெதுவாகத்தான் கூடும். ஓரிரு நாளில் நிலைமை மாறினால் சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, நீர்ச்சத்துக் குறைவு, மாத்திரைக் கோளாறு என ஏதாவது காரணம் இருக்கலாம். "உடனே டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்பதுதான் சரியான பதில்.

3. அடங்கலைன்னா கட்டிப் போடுவீங்களா? சங்கிலியால் கட்டுவதை மனநலச் சட்டம் முழுமையாகத் தடை செய்கிறது. தனி அறையில் அடைத்து வைக்கவும் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் கட்டுப்படுத்தலாம். அதையும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஊழியர்கள் குறைவு என்பதற்காகக் கட்டிலில் கட்டி வைப்பது சட்டவிரோதம்.

4. என்னென்ன மாத்திரை கொடுக்கிறீங்க? துணியால் கட்டுவது கண்ணுக்குத் தெரியும். மாத்திரையால் கட்டுவது தெரியாது. மனநோய்க்குத் தரும் சில மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு உயிரிழப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. சிலருக்கு மருத்துவர் மேற்பார்வையில் அவை தேவைப்படலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் யார் எழுதியது, எதற்காக, எப்போது மறுபரிசீலனை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாலை நேரத்திலும் எல்லோரும் தூங்கி வழிகிற ஹோம் 'அமைதியான ஹோம்' இல்லை.

5. எங்க அம்மா என்ன வேலை பார்த்தாங்கன்னு உங்களுக்குத் தெரியணுமா? நல்ல இடம் என்றால் நீங்கள் சொல்வதற்கு முன்பே அவர்கள் கேட்பார்கள். விடியற்காலை வாசலுக்கு ஓடும் அந்த ஏலத்தோட்டத்து அம்மாவை எடுத்துக்கொள்வோம். அவர் கதை தெரியாத ஊழியருக்கு அது 'தொல்லை'. கதவைப் பூட்டுவார், மாத்திரை கேட்பார். கதை தெரிந்தவர், "ஜீப்பு வர இன்னும் நேரம் இருக்கும்மா, ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம்" என்பார். ஒரு முறத்தில் காயைக் கொட்டி, பக்கத்தில் உட்கார்ந்து தரம் பிரிக்கச் சொல்வார். கை பழகிய வேலை மனசை அமைதிப்படுத்தும்.

மலைப் பக்கம் சேர்க்கிறவங்க கவனிக்க வேண்டியது

"மலைக்காற்று நல்லது, அமைதியா இருக்கும்" என்று சொல்லித்தான் பலர் மேலே பார்க்கிறார்கள். ஆனால் டிமென்ஷியா உள்ளவர் வெளியே நடந்துவிட்டால், மலையில் அது சரிவு, மூடுபனி, காட்டு யானை நடமாட்டம் என்று எல்லா வகையிலும் ஆபத்து. சுற்றுவேலி, கேட், பாதுகாப்பாக நடக்க உள்ளேயே ஒரு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டி வைப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. தீப்பிடித்தால் அந்தப் பூட்டை யார் திறப்பார்கள் என்றும் கேளுங்கள். ஏர்வாடி சொன்ன பாடம் அது.

அடுத்தது மொழி. பின்னாளில் கற்ற மொழிகள் மங்கி, தாய்மொழி மட்டும் மிஞ்சும் நிலை பலருக்கு வரும். ஊழியர்கள் மலையாளமோ இந்தியோ மட்டும் பேசினால், "வயிறு வலிக்குது" என்று சொல்வதற்குக்கூட ஆள் இருக்காது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும்.

மூன்றாவது, ராத்திரி நெஞ்சுவலி வந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, எவ்வளவு நேரம்? மலைப்பாதையில் இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் வரக் கூடாது.

சேர்த்த பிறகு உடம்பே பேசும்

அவரால் சொல்ல முடியாததை அவர் உடம்பு சொல்லும். ஒவ்வொரு முறை போகும்போதும் இவற்றைப் பாருங்கள்.

• எடை: மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதுகிறார்களா? 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

• முதுகு, இடுப்பு, குதிகால்: படுக்கைப் புண் இருக்கிறதா? படுத்த படுக்கையாக இருப்பவரை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

• மணிக்கட்டு, கணுக்கால்: கட்டிய தடம், காயம் இருக்கிறதா?

• வாய், நகம், உடுப்பு: உதடு காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. அவர் போட்டிருப்பது அவருடைய சேலைதானா?

• பயம்: குறிப்பிட்ட ஒருவர் பக்கத்தில் வந்தால் ஒடுங்கிப் போகிறாரா?

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி...

மாதக் கட்டணத்தில் டயபர், மருந்து, டாக்டர் செலவு சேருமா? அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா? எழுத்தில் வாங்குங்கள். "வாரம் ஒரு நாள் மட்டும்தான் பார்க்கலாம்", "முதல் ஒரு மாசம் வரக் கூடாது" என்ற நிபந்தனை இருந்தால் அந்த இடமே வேண்டாம். உதவித்தொகைப் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, நிலப் பத்திரம் எதையும் ஒப்படைக்காதீர்கள்.

புகார் இருந்தால் யாரிடம் போவது?

முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம். மாவட்ட சமூக நல அலுவலர், மாநில மனநல ஆணையம் ஆகியோரிடம் எழுத்தில் புகார் தரலாம். 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி ஆர்டிஓ தலைமையில் தீர்ப்பாயம் உண்டு. போடி தாலுகா உத்தமபாளையம் கோட்டத்தில் வருகிறது.

அதே சட்டம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறது. பராமரிக்க வேண்டியவரை முழுமையாகக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு நல்ல ஹோமாக இருந்தாலும், "இவங்களைப் பார்க்க யாராவது வருவாங்க, எப்ப வேணா வருவாங்க" என்று ஊழியர்களுக்குத் தெரிந்தால்தான் கவனிப்பு நிலைக்கும். அம்மாவுக்கு உங்கள் பெயர் மறந்திருக்கலாம். நீங்கள் வந்துவிட்டுப் போனதும் மறந்துபோகும். "அவங்களுக்குத்தான் தெரியாதே, எதுக்குப் போகணும்?" என்று மட்டும் நினைக்காதீங்க. அவங்களுக்குத் தெரியாது. அங்கே வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும்.