மனையறத்தின் ஏழாம் நாள்

நுழையும்முன்

இல்லறத்தின் உயிர் அன்பு என்பர். அவ்வன்பு பேச்சில் மட்டும் வெளிப்படுவதன்று. விடியலில் எழுந்து வாசல் தெளிப்பதிலும், சோறு வடிப்பதிலும், துணி துவைப்பதிலும், முதியோரைப் பேணுவதிலும் அது செயலாகிறது. ஆறு நாள் உழைத்தவர்க்கு ஏழாம் நாள் ஓய்வு என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட நெறி. அந்த ஏழாம் நாள் வீட்டின் அடுக்களைக்கும் வந்து சேர்ந்ததா? கணவனும் மனைவியும் கூடி நடத்தும் அன்றாட வாழ்வை இவ்வினாவின் ஒளியில் ஆராய்கிறது இக்கட்டுரை.

அகம் பாடிய ஊர்

மதுரையிலிருந்து ஒத்தக்கடை வழியாகச் சென்றால், மேலூர் வட்டத்தின் வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் இடையே அமைந்துள்ள ஊர் திருவாதவூர். மாணிக்கவாசகர் தோன்றிய ஊர் இது. அதனால் அவர் 'வாதவூரர்' என்றும் அழைக்கப்பெற்றார். சங்கப் புலவர் கபிலர் பிறந்த ஊரும் இதுவே என்பது வழிவழியாக வரும் செய்தி.

இவ்விருவரும் அகப்பொருள் பாடியவர்கள் என்பது எண்ணத்தக்கது. கபிலர் குறிஞ்சிப்பாட்டையும், ஐங்குறுநூற்றில் குறிஞ்சித்திணைக்குரிய நூறு பாடல்களையும் இயற்றினார். மாணிக்கவாசகர் அகத்துறைகளை நிரல்படுத்தி நானூறு பாடல்கள் கொண்ட திருக்கோவையாரைப் படைத்தார். தலைவனும் தலைவியும் முதன்முதல் காணும் நொடியில் தொடங்கி, அவர்கள் மணந்து மனைவாழ்க்கை நடத்துவது வரை அந்நூல் விரிகிறது. கண்டவுடன் பிறக்கும் காதல் ஒரு வீடாக நிலைபெறுவதே தமிழ் அகமரபின் போக்கு. தொல்காப்பியம் களவியலை அடுத்துக் கற்பியலை வைத்திருப்பதும் இப்போக்கிற்கு இசைந்ததே.

புகை படிந்த கண்கள்

மனைவாழ்க்கையின் இனிமையைச் சங்க இலக்கியம் சிறுசிறு காட்சிகளாகத் தீட்டியுள்ளது. ஐங்குறுநூற்றின் முல்லைத்திணையைப் பாடிய பேயனார், மகளின் புதுமனையைக் கண்டு திரும்பிய செவிலியைப் பேச வைக்கிறார். தாயும் தந்தையும் இருபுறம் இருக்க, நடுவில் புதல்வன் துயிலும் காட்சியை அவள் மகிழ்ந்து உரைக்கிறாள். மூவர் ஒருங்கிருக்கும் சிறுபொழுது, அதுவே அவ்வீட்டின் செல்வம்.

குறுந்தொகையில் கூடலூர்கிழார் காட்டும் வீடு இன்னும் நெருக்கமானது. புதிதாக மணமான பெண் தன் கையால் தயிரைப் பிசைகிறாள். அக்கையை உடுத்திய ஆடையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் படிவதையும் பாராமல் குழம்பு சமைக்கிறாள். கணவன் அதனை இனிதென்று உண்கிறான். அவள் முகம் வெளியே தெரியாத அளவுக்கு மெல்ல மலர்கிறது.

காலந்தோறும் இப்பாடல் இல்லற இன்பத்திற்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகிறது. அப்போற்றுதல் தகுந்ததே. ஆயினும் இன்றைய மாணவர் அதனை மற்றொரு முறையும் படித்துப் பார்க்கலாம். புலவர் அன்பைக் காட்டும்போது உழைப்பை மறைக்கவில்லை. கறைபட்ட ஆடையும் புகை படிந்த கண்களும் பாடலுக்குள்ளேயே உள்ளன. கணவனின் பாராட்டு அவள் மனத்தைக் குளிர்வித்தது. அடுப்பின் புகையை அது குறைக்கவில்லை. உழைப்பைப் பாராட்டுவது வேறு, பகிர்ந்துகொள்வது வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

மதுரைப் புறத்தே ஓர் உணவுவேளை

மதுரைக்கு வெளியே நிகழ்ந்ததாகச் சிலப்பதிகாரம் கூறும் ஓர் உணவுவேளையை எந்தத் தமிழரும் மறவார். பொருளெல்லாம் இழந்த கோவலனும் கண்ணகியும் ஆயர்குல மாதரியின் வீட்டில் அடைக்கலம் பெறுகின்றனர். மாதரி காய்களும் அரிசியும் தருகிறாள்; அவள் மகள் ஐயை துணை நிற்கிறாள். கண்ணகி காய்களை அரிந்து, முகம் வியர்க்க, கண் சிவக்கச் சமைக்கிறாள். கோவலன் ஓலைத் தவிசில் அமர, வாழையிலை விரித்து உணவு படைக்கிறாள்.

புகாரில் பெருமாளிகையில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அங்கே இல்லாத ஒன்று இக்குடிலில் வாய்க்கிறது. உண்டபின் கோவலன் மனைவியின் துயரத்தை நினைந்து, தான் இழைத்த பிழைகளைத் தானே எடுத்துரைக்கிறான். கண்ணகியும் விருந்தோம்பல் முதலிய மனையறக் கடமைகளைத் தான் இழந்து நின்ற காலத்தை மனம்விட்டுச் சொல்கிறாள். பிரிந்த ஆண்டுகளில் பேசப்படாதவை ஓர் உணவின் முன் பேசப்படுகின்றன. அதன்பின் சிலம்பொன்றை எடுத்துக்கொண்டு மதுரை நகருக்குள் சென்ற கோவலன் திரும்பவில்லை.

இருவர் ஒருங்கிருந்து உண்டு, உள்ளம் திறந்து பேசும் நேரத்தின் அருமையை இதனினும் ஆழமாக உணர்த்தும் இடம் அரிது. நேரமே இல்லறத்தின் முதற்பொருள். அந்நேரம் ஒருவருக்கு மட்டும் வாய்த்து, மற்றவருக்கு வாய்க்காவிடில் உரையாடல் நிகழாது.

வார விடுமுறை வந்த வழி

முற்காலத்து உழவர் வாழ்வில் ஓய்வு, வாரக் கணக்கில் வரவில்லை. அறுவடைக்குப் பிந்தைய நாள்களிலும் திருவிழா நாள்களிலும் வந்தது. ஆலைகள் பெருகிய பின்னரே வார ஓய்வு ஓர் உரிமையாகக் கேட்கப்பட்டது. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடினார். அதன் பயனாக 1890ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் ஞாயிறு விடுமுறை ஏற்கப்பட்டது. விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்திற்கு 48 மணி நேரமே வேலை என வரையறுத்து, ஒருநாள் ஓய்வையும் உறுதிசெய்தது.

ஆலைக்கும் அலுவலகத்துக்கும் கடைக்கும் ஓய்வுநாள் வகுத்த சட்டங்கள் வீட்டின் வாசலில் நின்றுவிட்டன. அடுக்களைக்குப் பணிநேரம் குறிக்கப்படவில்லை, விடுமுறையும் அறிவிக்கப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமையின் இரு முகங்கள்

திருவாதவூர் போன்ற ஊர்களிலிருந்து மதுரைக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று வருவோர் பலர். அத்தகைய வீடொன்றின் வார இறுதியை நினைந்து பார்க்கலாம். வெள்ளியன்று பெண்களும் சனியன்று ஆண்களும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது பழைய வழக்கம். ஞாயிறு காலையில் கணவர் கறிக்கடைக்குச் சென்று வருவார், மிதிவண்டியைத் துடைப்பார், உறவினரைக் கண்டு பேசுவார், மதிய உணவுக்குப்பின் சற்றே கண்ணயர்வார். ஆறு நாள் உழைத்த உடலுக்கு அவ்வோய்வு இன்றியமையாததே.

அதே ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு எப்படி விடிகிறது? வாங்கி வந்த இறைச்சியைக் கழுவி, மசாலை அரைத்து, குழம்பு வைக்க வேண்டும். வாரம் முழுவதும் சேர்ந்த துணிகளைத் துவைக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு இட்லி மாவு அரைக்க வேண்டும். விடுமுறையில் பிள்ளைகள் வீட்டிலிருப்பர், விருந்தினரும் வருவர். மற்ற நாள்களைவிட அன்று அடுப்பு கூடுதல் நேரம் எரியும். மனைவியும் வயல்வேலைக்கோ அலுவலகத்துக்கோ செல்பவராயின், ஆறு நாள் வெளிவேலைக்குப்பின் அவருக்குக் கிடைப்பது ஏழாம் நாள் வீட்டுவேலை. ஒரே கூரையின்கீழ் ஒருவருக்கு விடுமுறையாகும் நாள் மற்றவருக்கு வேலை மிகும் நாளாகிறது.

கருவிகள் இச்சுமையை ஓரளவு குறைத்துள்ளன. ஆட்டுக்கல்லின் இடத்தை மாவரைக்கும் இயந்திரமும், அம்மியின் இடத்தை மிக்சியும், விறகடுப்பின் இடத்தை எரிவாயு அடுப்பும் பெற்றன. தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இவற்றால் கைவலி குறைந்தது, கண்ணெரிச்சல் தணிந்தது. ஆனால் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தும் கை மட்டும் பெரும்பாலும் மாறவில்லை.

அளந்து அறிந்த உழைப்பு

வீட்டுவேலை கண்ணுக்குத் தெரிந்தாலும் கணக்கில் தெரிவதில்லை. அதனைக் கணக்கில் கொண்டுவர நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்னும் முறை உதவுகிறது. ஒருவர் ஒருநாளின் 24 மணி நேரத்தை எவ்வெப்பணிகளில் செலவிடுகிறார் என்பதை வினவிப் பதிவு செய்வதே இம்முறை. இந்தியாவில் 1998–99இல் ஆறு மாநிலங்களில் இது முன்னோட்டமாக நடத்தப்பட்டது. அவற்றுள் தமிழ்நாடும் ஒன்று.

நாடு தழுவிய கணக்கெடுப்பு 2019இல் நடைபெற்றது. ஊதியமில்லா வீட்டுவேலையில் பெண்களில் 81.2 விழுக்காட்டினரும் ஆண்களில் 26.1 விழுக்காட்டினரும் ஈடுபட்டனர். ஈடுபட்ட பெண் ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண் ஒருவர் 97 நிமிடங்களும் செலவிட்டனர். பெண்ணின் உழைப்பை வாரத்திற்குப் பெருக்கினால் ஏறத்தாழ 35 மணி நேரமாகிறது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெண்ணின் நேரம் 289 நிமிடங்களாகக் குறைந்தது; ஆணின் நேரமும் 88 நிமிடங்களாகக் குறைந்தது. பெண்ணின் வேலை சிறிது குறைந்தபோதும், அதனை ஆண் ஏற்றுக்கொண்டதால் அது குறைந்தது என்று இவ்வெண்களைக் கொண்டு சொல்ல இயலாது.

நீதிமன்றம் ஏற்ற மதிப்பு

இவ்வுழைப்பின் மதிப்பு நீதிமன்றங்களிலும் ஆராயப்பட்டது. சாலை விபத்தில் உயிரிழந்த கணவன் மனைவிக்கான இழப்பீட்டு வழக்கில் 2021ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இல்லத்தரசியின் பணிக்கும் உரிய வருமானம் கணக்கிடப்பட வேண்டும் என்பதை அத்தீர்ப்பு வலியுறுத்தியது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் சுட்டிக்காட்டியது.

சென்னை உயர்நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு இன்னும் ஒருபடி முன்னே சென்றது. கணவர் வெளிநாட்டில் பல ஆண்டுகள் பணிபுரிந்து பொருளீட்டினார். மனைவி ஊரிலிருந்து பிள்ளைகளை வளர்த்து வீட்டைக் காத்தார். பின்னர்ச் சொத்துரிமை குறித்து வழக்கு எழுந்தது. மனைவி வீட்டைக் காத்ததனால்தான் கணவர் கவலையின்றிப் பொருளீட்ட முடிந்தது. எனவே அப்பொருளில் அவர் பங்களிப்பும் அடங்கியுள்ளது என்று நீதிமன்றம் கருதியது. குறிப்பிட்ட சொத்துகளில் அவருக்குச் சமபங்கு உண்டு எனத் தீர்ப்பாயிற்று. 'வீட்டில் சும்மா இருக்கிறார்' என்று நாம் எளிதாகச் சொல்லும் சொற்களுக்கு நீதிமன்றம் அளித்த விடை இது.

இருவர்க்கும் உரிய சொல்

தமிழில் 'இல்லாள்' என்னும் சொல் இல்லத்துக்கு உரியவளைக் குறிக்கும்; 'இல்லான்' என்பதோ பொருளற்றவனைக் குறிக்கும். வீட்டுக்குரிய பெயரைப் பெண்ணுக்கே தந்துவிட்டதால், வீட்டுக்குரிய வேலையும் அவளுக்கே என்று வாதிடுவாரும் உளர். ஆனால் திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் 'இல்வாழ்வான்' என்னும் சொல்லால் ஆடவனைச் சுட்டி, மனையறத்தின் கடமைகளை அவன்மேல் ஏற்றுகிறது. துணை என்பதும் ஒருவழிச் சொல்லன்று. ஒருவர்க்கு ஒருவர் துணையாவதே வாழ்க்கைத்துணை.

இருபதாம் நூற்றாண்டில் பாரதிதாசன் குடும்ப விளக்கை ஐந்து பகுதிகளாகப் படைத்தார். தங்கம், மணவழகர் என்னும் இணையரின் ஒருநாள் நிகழ்ச்சியில் தொடங்கி அவர்களின் முதுமைக் காதல் வரை அந்நூல் செல்கிறது. விடியலுக்கு முன்பே தொடங்கும் தங்கத்தின் வேலை இரவில்தான் முடிகிறது. அவ்விரவில் அவள் கணவனிடம் எழுப்பும் வினா பொதுநலம் பற்றியது. நமக்காகவே நாளெல்லாம் உழைக்கிறோமே, ஊருக்கு என்ன செய்தோம் என்பதே அதன் கருத்து. வீட்டைத் தாண்டிச் சிந்திக்கும் மனம் அவளிடம் உண்டு. அச்சிந்தனைக்கு நாளின் இறுதியில் எஞ்சிய சிறுபொழுதுதான் கிடைத்தது. வேலை பகிரப்பட்டால் கற்கவும் எண்ணவும் பொதுப்பணி ஆற்றவும் அத்தகைய பெண்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்!

வேலையைப் பகிர்தல் கடினமானதன்று. மசாலை அரைப்பவர் ஒருவராயின் பாத்திரம் கழுவுபவர் மற்றவராகலாம். துவைப்பவர் ஒருவர், உலர்த்தி மடிப்பவர் மற்றவர். பதினாறு வயது நிறைந்த மகனும் மகளும் இதில் வேறுபாடின்றிப் பங்கேற்கலாம். 'உதவி செய்தேன்' என்று சொல்லாமல் 'என் வேலையைச் செய்தேன்' என்று சொல்லும் நிலையே உண்மையான பகிர்வு. காலையில் வேலை பகிரப்பட்டால் மாலைப்பொழுது இருவர்க்கும் பொதுவாகும். கண்மாய்க் கரையில் நடக்கவும், கோயில் திருவிழாவுக்குச் செல்லவும், ஒருங்கிருந்து உண்டு பேசவும் அம்மாலை வாய்க்கும். மாதரியின் குடிலில் ஒருமுறை மட்டுமே வாய்த்த அப்பொழுது, வாரந்தோறும் நம் வீடுகளில் வாய்க்கலாம்.

அடுப்படியில் நிற்பவருக்கும் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். அன்றுதான் மனையறம் ஏழாம் நாளைக் காணும்.

தெரிந்து தெளிவோம்

*நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு:* 2019இல் நடைபெற்ற நாடு தழுவிய கணக்கெடுப்பில் ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் நேரப் பயன்பாடு பதிவு செய்யப்பட்டது. மேலே தரப்பட்டுள்ள நிமிடங்கள், வீட்டுவேலையில் ஈடுபட்டோரின் சராசரி. மக்கள் அனைவரின் சராசரி அன்று.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யார் யார், எவ்வெவ்வேலையை, எவ்வளவு நேரம் செய்தனர் என்று அட்டவணைப்படுத்துக. அதனை வீட்டிலுள்ளோருடன் கலந்துரையாடுக.
2. 'பாராட்டுவது வேறு, பகிர்ந்துகொள்வது வேறு' என்னும் கருத்தைக் குறுந்தொகைக் காட்சியுடன் பொருத்தி விளக்குக.
3. மாதரியின் வீட்டில் கோவலனும் கண்ணகியும் ஒருங்கிருந்த பொழுது உணர்த்தும் இல்லற உண்மையை உம் சொற்களில் எழுதுக.