கரிசல் பருத்தியும் கரண்ட் கிட்டாரும்

"ராக் கச்சேரியா? சும்மா காட்டுக் கத்தல்ப்பா!" என்று ஒதுக்கிவிடுவது நம்மில் பலருக்கும் வழக்கம். ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது தெரிந்து கேட்டால், நம் போன்ற டிப்ளமோ மாணவர்களுக்கு ப்ளூஸ் ராக் கச்சேரி ஒரு அருமையான பிராக்டிகல் கிளாஸ்!

2011 பிப்ரவரியில் மும்பை பாந்த்ராவில் உள்ள மெஹபூப் ஸ்டுடியோவில் மஹிந்திரா ப்ளூஸ் விழா முதன்முறையாக நடந்தது. முக்கியக் கலைஞர், அமெரிக்காவின் பட்டி கய். அப்போது அவருக்கு வயது 74. எரிக் கிளாப்டன், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போன்ற ராக் ஜாம்பவான்களே அவரைப் பார்த்துக் கற்றவர்கள்தான். அவர் பிறந்தது லூசியானா மாநிலக் கிராமம் ஒன்றில். சின்ன வயதில் செய்த வேலை? பருத்தி எடுப்பு! முதலில் வாசித்த கருவி, தானே இரண்டு கம்பி கட்டிச் செய்துகொண்டது.

சங்கரன்கோவில் கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்குப் பருத்தி எடுப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

பாட்டின் கணக்கு

1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும், அமெரிக்கக் கறுப்பின மக்கள் பலர் வாரத்துக்கு நிலம் உழுது கடனிலேயே கிடந்தார்கள். அவர்களின் பாட்டுதான் ப்ளூஸ். கணக்கு ரொம்ப எளிது. 12 பார், ஒவ்வொன்றிலும் 4 தட்டு, மொத்தம் 48 தட்டு. பெரும்பாலும் மூன்று அடிகள். முதல் அடியே இரண்டாவதாகத் திரும்ப வரும். மூன்றாவது அடி அதற்குப் பதில் சொல்லும். பாடகர் ஒரு அடியைப் பாடி நிறுத்தியதும், மிச்ச இடத்தில் கிட்டார் பதில் பேசும். நம்ம பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது புதுசில்லை. அண்ணாவி ஒன்று சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவாரே, அதே ஜாடைதான்!

சத்தம் ஏன் வந்தது?

மிசிசிப்பி பருத்திப் பண்ணையில் வேலை பார்த்த மடி வாட்டர்ஸ், 1943-ல் பிழைப்புத் தேடி சிகாகோ போனார். அங்கே மதுக்கடைகளின் இரைச்சலில் சாதாரண கிட்டார் யார் காதிலும் விழவில்லை. அதனால் எலக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார். ஆக, அந்தச் சத்தம் பகட்டுக்காக வந்ததில்லை. "நான் சொல்றதும் உன் காதுல விழணும்" என்ற தேவையில் வந்தது.

அதன் வேலை நம்ம பாடத்தில் உள்ளதுதான். காந்தத்தின் மேல் பல ஆயிரம் சுற்று மெல்லிய கம்பி. அதன் எதிரே இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும். சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே விதி!

அந்தச் சிக்னலை வால்வு ஆம்பிளிஃபயருக்குள் அளவுக்கு மீறிச் செலுத்தினால், அலையின் தலை வெட்டுப்படும். நாம் 'கிளிப்பிங்' என்று பழுதாகப் படிப்பதை, ப்ளூஸ்காரர்கள் கரகரத்த மனிதக் குரலாக மாற்றிவிட்டார்கள். மைக் செட் 'ஊய்ய்ய்' என்று கூவுகிறதே, அந்த ஃபீட்பேக்கும் அப்படித்தான். ஸ்பீக்கரின் சத்தம் தந்தியை மறுபடி அதிரவைக்க, ஒரே சுரம் நீண்டுகொண்டே போகும். ஹென்ட்ரிக்ஸ் 1969-ல் வுட்ஸ்டாக் விழாவில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது இதைத்தான் ஆயுதமாக்கினார்.

நேரில் கேட்பதில் என்ன விசேஷம்?

பட்டி கய்யின் பெரிய வித்தை சத்தத்தைக் கூட்டுவதில் இல்லை, குறைப்பதில்தான் இருக்கிறது. திடீரென்று கிசுகிசுப்பு அளவுக்கு இறக்குவார். கூட்டம் மூச்சடக்கிக் காது கொடுக்கும். அப்புறம் ஒரே மீட்டல், இடி மாதிரி! பதிவில் இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் அமுக்கிச் சமன்படுத்திவிடுவார்கள். நேரில்தான் முழுசாகக் கிடைக்கும்.

நூறு அடிக்கு மேல் நீளமான கேபிளோடு கூட்டத்துக்குள் நடந்துபோய் வாசிப்பதும் அவர் அந்தக் காலத்திலேயே செய்த வேலை. ஒரு சின்னக் கேள்வி: கேபிள் நீண்டால் ஒலி ஏன் கொஞ்சம் மங்கும்? கேபிளுக்குள்ளேயே ஒரு கெப்பாசிட்டர் ஒளிந்திருக்கிறது. மேல் அதிர்வெண்களை அது விழுங்கிவிடும்.

காது பத்திரம்!

இதையும் சொல்லாவிட்டால் கட்டுரை முழுமையாகாது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்காவின் பணியிட நலன் ஆய்வு நிறுவனமான நயோஷ் சொல்லும் வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். அப்படியானால் 100 டெசிபலில்? வெறும் 15 நிமிடம்! ராக் கச்சேரிகள் இதைச் சாதாரணமாகத் தாண்டும். உள்காதின் முடிச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைக்காது. காது கேட்பது குறைந்துவருவதாகவும், காதுக்குள் ஓயாத இரைச்சல் இருப்பதாகவும் 2018-ல் கிளாப்டனே சொன்னார். கச்சேரி முடிந்தபின் காதில் 'ங்ஙொய்' என்று கேட்டால் அது எச்சரிக்கை மணி. ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நில்லுங்கள். காதடைப்பான் வைத்துக்கொள்ள வெட்கப்படாதீர்கள். நம்ம ஊர் விசைத்தறிக் கூடங்களில் நாள் முழுக்க நிற்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் இதே கணக்குதான். வீட்டில் யாராவது தறிக்குப் போனால் இதை அவசியம் சொல்லுங்கள்.

நாளைக்கு நம்மில் சிலர் மைக் செட் போடுவோம், சிலர் ஆம்பிளிஃபயர் செய்வோம், சிலர் மேடையே ஏறுவோம். வால்யூம் குமிழ் நம் கையில் இருக்கும். அதைக் கூட்ட யாராலும் முடியும். எப்போது இறக்க வேண்டும் என்று தெரிந்தவனே கலைஞன், அவனே நல்ல டெக்னீஷியனும்கூட!