பித்தமும் பித்தும்: குற்றால நீராடல் வழக்கும் மனப்பாங்குக் கோட்பாடும்

தென்காசியை அடுத்த குற்றாலத்தில் மனநோயுற்றோரை அருவியில் நீராட்டுவது நெடுங்கால வழக்கம். பித்தம் மிகுந்தால் பித்துப் பிடிக்கும், குளிர்நீர் அதனைத் தணிக்கும் என்பது அதன் அடிப்படை. பித்தம், பித்து என்னும் சொல்லுறவு இயல்பையும் நோயையும் ஒன்றாக்கிக் காட்டுகிறது. சித்த மருத்துவமோ இரண்டையும் பிரிக்கிறது: வாத, பித்த, ஐயத் தேகங்கள் பிறவி இயல்புகள், முக்குற்றம் நிலைபிறழ்வதே நோய்.

இப்பகுப்பு இன்றைய உளமருத்துவத்தோடு ஒப்புநோக்கத்தக்கது. குளோனிங்கர் 1987இல் வரையறுத்த தீங்கு தவிர்க்கும் மனப்பாங்கு, பீதி நோயாளரிடமும் மனச்சோர்வு நோயாளரிடமும் மிகுந்து காணப்படுகிறது. எனினும் அவ்வியல்புடையார் அனைவரும் நோயுறுவதில்லை. ஆகவே இயல்பு நோய்க்கு இடந்தருவதேயன்றித் தானே நோயாகாது. ஒருவரைப் 'பித்தர்' எனப் பெயரிட்டுவிடுவது, தீரத்தக்க நோயை மாறாத இயல்பாகக் கருதச் செய்கிறது.