அரஃபா நாள்

பக்ரீத்துக்கு முந்தைய நாள். மதிய உணவு வேளையில் தட்டு எடுக்காமல் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்பு மாணவியைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினேன். "இன்னைக்கு அரஃபா நோன்பு, டீச்சர்" என்றாள். ரமலான் நோன்பை மட்டுமே அறிந்திருந்த நான், பிறகுதான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

துல்ஹஜ் மாதத்தின் 9ஆம் நாள் அரஃபா. அன்று ஹஜ் பயணிகள் மக்காவிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள அரஃபாத் பெருவெளியில் கூடுகின்றனர். நண்பகல் முதல் சூரியன் மறையும்வரை அங்கே தங்கி, பாவமன்னிப்புக் கேட்டு இறைஞ்சுகின்றனர். அங்கே தங்குவது தவறினால் ஹஜ் நிறைவேறாது. ஆண்களுக்குத் தையலில்லாத இரண்டு துணிகளே உடை. செல்வரா, கூலித் தொழிலாளியா என்று அந்த உடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. மறுமையில் அனைவரும் இறைவன் முன் நிற்கப்போகும் நாளை இக்கூட்டம் அவர்களுக்கு நினைவூட்டுகிறது. கி.பி. 632இல் நபிகள் நாயகம் தம் இறுதி ஹஜ்ஜின் பேருரையை ஆற்றியதும் இங்கேதான். பிறர் உயிரும் உடைமையும் புனிதமானவை என்று அதில் அறிவுறுத்தினார்.

ஹஜ்ஜுக்குச் செல்லாதவர்கள் அன்று ஊரிலிருந்தே நோன்பிருந்து மன்னிப்பை வேண்டுகின்றனர். என் மாணவியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

மறு ஆண்டு அந்த நாளில் விளையாட்டுப் போட்டி வைப்பதைத் தவிர்த்தேன். அரஃபா என்றால் என்ன என்று வகுப்பில் அவளையே சொல்லச் சொன்னேன்.