'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டின் இறுதிக் காட்சி விரிவாக்கப்பட்டது ஏன்?

கனடாவின் எட்மன்டன் நகரைச் சேர்ந்த பயோவேர் நிறுவனம் உருவாக்கிய 'மாஸ் எஃபெக்ட்', அறிவியல் புனைகதையை மையமாகக் கொண்ட வீடியோ கேம் தொடராகும். இதன் முதல் 3 பாகங்கள் 2007, 2010, 2012-ஆம் ஆண்டுகளில் வெளியாகின.

கதை 22-ஆம் நூற்றாண்டில் நிகழ்கிறது. தளபதி ஷெப்பர்டாக விளையாடுபவர், உரையாடல்களில் தமது பதிலைத் தாமே தேர்வு செய்கிறார். முதல் பாகத்தில், விர்மையர் கோளில் நடைபெறும் தாக்குதலின்போது இரு தோழர்களில் ஒருவரை மட்டுமே காப்பாற்ற இயலும். சேமித்த பதிவை அடுத்தடுத்த பாகங்களுக்குக் கொண்டு செல்லலாம் என்பதால், அங்கு உயிரிழந்தவர் பின்னர் திரும்புவதில்லை. இந்த இழப்பே கதையை விளையாடுபவரின் சொந்தக் கதையாக மாற்றுகிறது.

இதன் காரணமாகவே 3-ஆம் பாகத்தின் முடிவு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. தாங்கள் எடுத்த முடிவுகளுக்கு இறுதியில் உரிய மதிப்பளிக்கப்படவில்லை என ரசிகர்கள் குறை கூறினர். இதையடுத்து, விரிவாக்கப்பட்ட இறுதிக் காட்சிகளை 2012 ஜூன் மாதம் நிறுவனம் இலவசமாக வெளியிட்டது. பழைய முடிவுகள் கைவிடப்படவில்லை. எனினும், அவற்றின் பின்விளைவுகள் கூடுதலாக விளக்கப்பட்டன.

மேம்படுத்தப்பட்ட 3 பாகங்களும் 2021 மே மாதம் 'லெஜண்டரி எடிஷன்' என்ற ஒரே தொகுப்பாக வெளியாகின. புதிதாகத் தொடங்குவோர் முதல் பாகத்திலிருந்து வரிசையாக விளையாடினால், தங்கள் தேர்வுகளின் விளைவை முழுமையாக உணரலாம்.