குரல் கேட்கிறது என்பவரிடம் முதலில் என்ன கேட்பது?

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. திகனயில் எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் உயிரிழந்தார். பின்னர் ஊரடங்கு நீங்கியது, கடைகள் திறந்தன. உடைந்த கட்டடங்களுக்குப் பட்டியல் போடலாம். மனங்களின் சேதத்தை எந்தப் பட்டியலில் எழுதுவது?

பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களில் சிலருக்கு, அருகில் யாரும் இல்லாதபோதும் குரல்கள் கேட்பதுண்டு. அது மிரட்டலாக இருக்கலாம், மௌத்தானவர் அழைப்பதாகவும் இருக்கலாம். இதை வெளியே சொன்னால் "ஜின் பிடித்துவிட்டது" அல்லது "பைத்தியம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கல்யாணம் பேசும் வயதுப் பிள்ளை உள்ள வீடுகளில் இது வாசலைத் தாண்டுவதே இல்லை.

குரல் கேட்பது மட்டுமே பைத்தியத்தின் அடையாளமாகாது. அன்புக்குரியவரை இழந்த பலருக்கு அவரது குரல் கேட்கிறது. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஆய்வொன்று, சிறுவயதில் துன்புறுத்தல் போன்ற கொடுமைகளுக்கு ஆளானவர்களுக்குக் கடும் மனநோய் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது. தாங்க முடியாத பயம், நடந்து முடிந்ததாக மனதில் பதிவதில்லை. இப்போது நடப்பதைப் போலவே திரும்பி வருகிறது. தூக்கமின்மை அதை மேலும் கூட்டுகிறது. ஆனால் குரல் கேட்கும் எல்லோருக்கும் அதிர்ச்சிதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. அதைப் பிரித்தறிவது வைத்தியரின் வேலை.

ஜின்கள் உண்டென்பது நமது ஈமான். ஆனால் ஒவ்வொரு குரலையும் ஜின்னின் கணக்கில் எழுதும்படி மார்க்கம் சொல்லவில்லை. ஓதுவதும் துஆவும் ஆறுதல் தரும். மருத்துவம் தேடுவதும் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழிதான். பத்தாம் நூற்றாண்டில் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். பேய் ஓட்டுவதாக அடிப்பதும் கட்டிவைப்பதும் பயந்தவரை இன்னும் பயமுறுத்தும்.

ஆசிரியை என்ற வகையில் ஒன்று சொல்வேன். வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் பிள்ளையையும், திடீரென்று பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளையையும் அதட்டாதீர்கள். "மகன், என்ன நடந்தது?" என்று கேட்டு, சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். பெரியவர்களிடமும் இப்படித்தான்.

தன்னையோ பிறரையோ காயப்படுத்தும்படி குரல் ஏவினால், தூக்கமும் சாப்பாடும் நின்றுபோனால், தாமதிக்கக் கூடாது. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். நெஞ்சுவலிக்கு வைத்தியரிடம் போக நாம் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கம் வேண்டாம்.