ஏற்காட்டில் ஜெர்பில் வளர்க்கலாமா?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சென்றால், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். மழைக்காலத்தில் அங்கே ஜன்னலைத் திறந்தால் மேகமே வீட்டுக்குள் நுழைந்துவிடும். உப்பு நீர்த்துப்போகும், தோல் செருப்பில் பூஞ்சை படியும். இத்தகைய ஊரில் வறண்ட நிலத்து விலங்கான ஜெர்பிலை வளர்க்க முடியுமா?

ஜெர்பில் சுமார் 70 கிராம் எடையுள்ள எலி போன்ற விலங்கு. சேலத்துச் சமவெளியின் காய்ந்த நிலங்களில் வளை தோண்டி வாழும் வெள்ளெலி இதன் உறவினர்தான். ஆனால் வெள்ளெலி காட்டுயிர். அதைப் பிடித்து அடைப்பது தவறு. வீடுகளில் வளர்க்கப்படுவது மங்கோலிய ஜெர்பில். 1935ஆம் ஆண்டில் அமூர் ஆற்றுப் பகுதியில் பிடிக்கப்பட்ட 20 ஜோடிகள் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றின் வழிவந்த 11 ஜோடிகள் 1954இல் அமெரிக்கா சென்றன. அங்கிருந்துதான் இவ்விலங்கு உலகெங்கும் பரவிற்று.

மங்கோலியாவில் கோடையும் கடுமை, குளிரும் கடுமை. மண்ணோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே வளைக்குள் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை. ஜெர்பில் ஓயாமல் தோண்டுவது விளையாட்டுக்காக மட்டுமன்று. அது தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்கிறது. குளிரைவிட ஈரமே அதற்குப் பெரும் பகை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் அதன் மயிர் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். ஈரமான படுக்கையில் பூஞ்சை வளர்ந்து, மூச்சு நோய்க்கும் இடமுண்டு.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் அதில் இருப்பது 13.8 கிராம். இரவில் வெப்பநிலை 15 டிகிரிக்கு இறங்கினால், காற்று 12.8 கிராம்தான் தாங்கும். மீதி ஒரு கிராம் என்னவாகும்? குளிர்ந்த கண்ணாடியில் நீர்த்துளிகளாகப் படிந்து, படுக்கைக்குள் வடியும்!

இனி வீட்டை அமைப்போம். இரண்டு ஜெர்பில்களுக்கு ஒரு மீட்டர் நீளமும், அரை மீட்டர் அகலமும் உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி போதும். பிளாஸ்டிக்கைக் கடித்துத் துளைத்துவிடும். தொட்டியின் மேல் கண்ணாடி மூடி வேண்டாம். ஈரக்காற்று வெளியேறும்படி முழுவதும் கம்பிவலையால் மூடுங்கள். உள்ளே 25 முதல் 30 செ.மீ. ஆழத்துக்கு அச்சு மையில்லாத காகிதத் துண்டுகளையும் உலர்ந்த புல்லையும் கலந்து நிரப்புங்கள். இழைகளுக்கு இடையே சிக்கிய காற்று வெப்பத்தைக் கடத்தாது, வளையும் சரியாது. கழுவி, வாணலியில் வறுத்து, ஆறவைத்த மணலை ஒரு கிண்ணத்தில் வையுங்கள். அதில் புரண்டு அது மயிரைச் சுத்தம் செய்துகொள்ளும். ஓடுசக்கரத்தில் கம்பி இடைவெளி இருந்தால் வால் சிக்கிக்கொள்ளும். இடைவெளி இல்லாத சக்கரமே நல்லது.

தொட்டியை வெளிச்சுவரை ஒட்டியோ வெறும் தரையிலோ வைக்காதீர்கள். பலகை மேல் வையுங்கள். வெயில் விழும் இடமும் ஆகாது. கண்ணாடி வழியே புகும் வெப்பம் எளிதில் வெளியேறாததால், விலங்கு இறந்துபோகலாம். நீர்ப்புட்டி சொட்டுகிறதா என்று நாள்தோறும் பார்த்து, நனைந்த படுக்கையை உடனே மாற்றுங்கள்.

அறையைச் சூடாக்கினால் போதாதா? 15 டிகிரி மூடுபனிக் காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினாலும் ஈரப்பதம் 56 விழுக்காடு இருக்கும். ஓரளவு உதவும், முழுத் தீர்வன்று. ஆகவே விலங்கை வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றுங்கள். அறை வெப்பநிலை 22 டிகிரியாக இருக்கும்போது, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 6 டிகிரி என்றால் ஈரப்பதம் 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருக்கிறது. ஒரே டிகிரி என்றால் 90 விழுக்காட்டுக்கும் மேல்!

மழைக்காலத்தில் ஒரு மாதம் குறித்து வாருங்கள். வேறுபாடு பெரும்பாலும் ஓரிரண்டு டிகிரியிலேயே நின்றால், ஈரம் நீக்கும் கருவி இல்லாமல் அந்த அறையில் ஜெர்பில் நலமாக வாழாது. அப்போது அதை வாங்காமல் இருப்பதே அதற்கு நீங்கள் செய்யும் உதவி.